போட்டிக்கும் வீட்டுக்கும் ஒரே ஷாட்கன் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர், ஹூஸ்டனில் எண்ணெய்க் கிணறுகளுக்கான வால்வுகளை வடிவமைத்து ஓய்வு பெற்ற கோவைக்காரர். வார இறுதிகளில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் ரேஞ்ச் ஆபீசராக இருக்கிறார்.)

கேள்வி: போன வருடம் கிரீன் கார்டு வந்தது. அலுவலக நண்பர்கள் த்ரீ-கன் போட்டிக்கு (ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுடுவது) அழைத்துப் போனார்கள், பிடித்துவிட்டது. ரைபிளும் பிஸ்டலும் இரவல் தருகிறார்கள், ஷாட்கன் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள் என்கிறார்கள். வாங்குவதுதான் வாங்குகிறோம், வீட்டுப் பாதுகாப்புக்கும் அதுவே ஆகட்டும் என்று நினைக்கிறேன். கடைக்காரர் பெனெல்லி எம்4-க்கு மேல் எதுவும் இல்லை என்கிறார். 1,500 டாலர் வரை செலவழிக்க முடியும். வீட்டில் மனைவியும் 7, 11 வயதில் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எம்4 அருமையான துப்பாக்கி. 1999-இல் அமெரிக்க மரைன் படை அதை எம்1014 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது சும்மா இல்லை. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். விலை 2,000 டாலரைத் தாண்டும். எடை 8 பவுண்டுக்குப் பக்கம். குழல் பதினெட்டரை அங்குலம்தான். இறக்குமதி விதிகளால் பல வருடம், குழலுக்கு அடியில் 5 தோட்டா கொள்ளும் குழாயோடுதான் இங்கே பொதுமக்களுக்கு விற்றார்கள். அப்படி ஒரு பழைய துப்பாக்கியை வாங்கிக் குழாயை நீட்டினால், 922(ஆர்) என்ற சட்டப் பிரிவு வந்து நிற்கும். பட்டியலில் உள்ள 20 பாகங்களில் வெளிநாட்டுப் பாகம் 10-க்கு மேல் இருக்கக் கூடாது என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். முதல் ஷாட்கன் வாங்குகிறவருக்கு இந்தத் தலைவலி எதற்கு?

கடையில் பிராண்டு கேட்பதை விடுங்கள். "கேஸா, இனர்ஷியாவா?" என்று கேளுங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால், ஒரு தோட்டா வெடித்ததும் காலிக் கூடு தானே வெளியே விழுந்து அடுத்தது தானே உள்ளே ஏற வேண்டும். இந்த வேலைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குலம் பிரிகிறது.

இனர்ஷியா என்பது இத்தாலிக்காரர் புரூனோ சிவோலானி யோசித்தது. அதை நம்பித்தான் 1967-இல் ஊர்பினோவில் பெனெல்லி கம்பெனி தொடங்கியது. உள்ளே கனமான போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் இரும்புக்கட்டை), அதன் முகப்பில் தனியாகச் சுழலும் தலை, இரண்டுக்கும் நடுவில் குட்டையான, தடித்த ஒரு ஸ்பிரிங். தோட்டா வெடித்ததும் துப்பாக்கி முழுக்கப் பின்னால் உதைக்கிறது. போல்ட்டின் உடம்பு மட்டும் இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கிறது. டவுன் பஸ் சடாரென்று கிளம்பும்போது கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற ஆள் மாதிரி. அந்த ஒரு நொடியின் துணுக்கில் ஸ்பிரிங் நசுங்குகிறது, பிறகு விரிந்து போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது, தலை சுழன்று பூட்டு திறக்கிறது. குழலில் ஓட்டை இல்லை, பிஸ்டன் இல்லை, புகைக்கரி உள்ளே வருவது மிகக் குறைவு. முப்பது வருடம் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிய எனக்கு அதைக் கழற்றிப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஆனால் இதிலும் ஒரு இடக்கு உண்டு. துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் இந்த வேலையே நடக்கும். டார்ச், தோட்டாப் பட்டை, குறிபார்க்கும் பெரிய சைட் என்று ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டால் எடை கூடும், நகர்வு குறையும். அதோடு மலிவான, வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால் கூடு பாதியில் சிக்கும். வீட்டுத் துப்பாக்கியில் டார்ச் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆக இடிக்கிறது. இன்னொன்று, 'பெனெல்லி கிளிக்' என்று எங்கள் வட்டாரத்தில் பெயர் வாங்கியது. போல்ட்டை மெதுவாகக் கையால் விட்டாலோ, துப்பாக்கி எதிலாவது லேசாக இடித்தாலோ, அந்தத் தலை முழுசாகச் சுழன்று பூட்டாமல் ஒரு மயிரிழை திறந்து நிற்கும். பார்த்தால் தெரியாது. விசையை இழுத்தால் 'கிளிக்' என்று மட்டும் கேட்கும். போட்டியில் அதனால் இரண்டு நொடி போகும், அவ்வளவுதான். நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில், சத்தம் வரக் கூடாதென்று போல்ட்டை மெல்ல விடுகிற ஆளுக்கு அது வேறு கணக்கு.

கேஸ் துப்பாக்கியில் குழலின் அடிப்பக்கத்தில் சிறு துளைகள் இருக்கும். வெடிக்கும் காற்றில் கொஞ்சத்தை அவை பிடித்துப் பிஸ்டனைத் தள்ளும். 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையை ஊரெல்லாம் பரப்பியது. இதில் உதை ஒரே இடியாக வராமல் கொஞ்சம் நீண்டு, தள்ளுவது போல வரும். ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது தோட்டா சுடுகிறவருக்கு இது பெரிய விஷயம். சாயங்காலம் தோளைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். பதிலுக்குக் கரி பிடிக்கும், துடைக்க வேண்டும். எதையும் தொங்கவிட்டாலும் இதற்குக் கவலை இல்லை. (நீங்கள் கேட்ட எம்4-உம் கேஸ்தான். இனர்ஷியாவுக்குப் பெயர்போன கம்பெனி, ராணுவத்துக்கென்று செய்தபோது கேஸுக்குப் போனது.)

ஒரே துப்பாக்கி இரண்டு வேலைக்கும் என்றால் என் ஓட்டு கேஸுக்கு. உங்கள் பணத்துக்குள் இரண்டைச் சொல்வேன். வாரம் தவறாமல் போட்டிக்குப் போகிறவர் என்றால் மாஸ்பெர்க் 940 ஜேஎம் ப்ரோ. ஜேஎம் என்பது ஜெர்ரி மிக்குலெக், துப்பாக்கிப் போட்டி உலகத்தில் அவர் பெயர் தெரியாதவர் இல்லை. 24 அங்குலக் குழல், குழாயில் 9 தோட்டா, தோட்டா திணிக்கும் வாயைக் கம்பெனியிலேயே அகலப்படுத்தித் தருகிறார்கள். போட்டி எப்போதாவதுதான் என்றால் பெரெட்டா ஏ300 அல்டிமா பேட்ரோல். டென்னசி மாநிலத்தில் செய்வது. 19 அங்குலத்துக்குச் சற்று மேல் குழல், 7 தோட்டா. இரண்டும் உங்கள் 1,500-க்குள் அடங்கும், மீதியில் ஒழுங்கான பூட்டுப் பெட்டி வாங்கலாம். பெரெட்டா 1301 இவற்றைவிட வேகம், ஆனால் விலையும் அதற்கேற்ப ஏறும்.

'வாயை அகலப்படுத்துவது' எதற்கு என்று கேட்பீர்கள். த்ரீ-கன்னில் ஷாட்கன் சுடுவதில் ஜெயிப்பவர் குறைவு, நிரப்புவதில் ஜெயிப்பவர்தான் அதிகம். ஒரு கட்டத்தில் இருபது இலக்கு வரை வைப்பார்கள். உங்கள் பிரிவில் தொடக்கத்தில் 9 தோட்டாதான் போட்டுக்கொள்ள விடுவார்கள். மீதியை ஓடிக்கொண்டே நிரப்ப வேண்டும், டைமர் நிற்காது. இடுப்புப் பட்டையில் இரண்டிரண்டாக அடுக்கிய தோட்டாக்களில் நான்கை ஒரே பிடியில் உருவி, துப்பாக்கியைக் கவிழ்த்து, கட்டைவிரலால் முதல் இரண்டை ஒரே தள்ளில் குழாய்க்குள் அனுப்பி, கை எடுக்காமல் அடுத்த இரண்டையும் அனுப்புவதற்குப் பெயர் குவாட் லோடு. குழாயின் வாயில் தோட்டாவைத் தூக்கிவிடும் தகடு ஒன்று இருக்கிறது. குறுகலான துப்பாக்கியில் அது நகத்தடியில் கவ்வும். புதிதாக வருகிறவர்களைக் கட்டைவிரலில் உள்ள பிளாஸ்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வீட்டில் பழகுங்கள், ஆனால் மருந்தில்லாத டம்மி தோட்டாவில் மட்டும். பழகும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இனி வீடு. 24 அங்குலக் குழல் என்றால் துப்பாக்கி மொத்தம் மூன்றே முக்கால் அடியாவது வரும், நடைபாதையில் திருப்ப முடியாது என்று பலரும் சொல்வார்கள். திருப்ப வேண்டாம் என்பதுதான் என் பதில். சத்தம் கேட்டது என்று துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றி வருவதைப் போல ஆபத்தான வேலை வேறு இல்லை. வந்திருப்பது தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் மகளாக இருக்கலாம், சாவியை மறந்துபோன விருந்தாளியாக இருக்கலாம். பிள்ளைகளை உங்கள் அறைக்குக் கொண்டுவந்து, கதவைப் பூட்டி, 911-க்குப் போன் போட்டு, கட்டிலுக்குப் பின்னால் இருங்கள். அப்படி இருப்பவருக்கு ஆறு அங்குலம் கூடுதலாக இருந்தால் என்ன போகிறது? டார்ச் எதற்கென்றால், எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது என்பதற்கு.

"ஷாட்கன்னுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், அறை முழுக்கப் பரவும்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஓர் அறையின் நீளத்துக்குள் பால்ரஸ், அதாவது பக்ஷாட் (சுருக்கமாக 'பக்'), விரித்த கை அகலத்தைத் தாண்டாது. ஃபெடரல் கம்பெனியின் ஃப்ளைட்கன்ட்ரோல் தோட்டாவில் இன்னும் குறைவு, ஒரே கொத்தாகப் போய் அடிக்கும். 00 பக் என்றால் ஒரு தோட்டாவில் 8 அல்லது 9 பெரிய குண்டுகள். அமெரிக்க வீட்டுச் சுவர் நம் ஊர் செங்கல் சுவர் இல்லை. இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை, நடுவில் காற்று. 00 பக் அப்படி இரண்டு மூன்று சுவரைத் தாண்டும். 4-ஆம் எண் பக்கில் 27 சிறு குண்டுகள், ஊடுருவல் சற்றுக் குறைவு, ஆனால் அதுவும் சுவரில் நின்றுவிடாது. போட்டியில் சுடும் பறவைச் சன்னம் (பொடிக் குண்டுகள்) சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், ஆளை நிறுத்தவும் அதை நம்ப முடியாது. சரி, எதைத்தான் போடுவது? என் வீட்டில் ஃப்ளைட்கன்ட்ரோல் 00 பக். ஏனென்றால் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் இருப்பது வெளிச் செங்கல் சுவர், அதைப் பார்த்து வைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் அந்தத் திசையில் பிள்ளைகள் படுத்தால், தோட்டாவை மாற்றுவதைவிட நீங்கள் உட்காரும் மூலையை மாற்றுங்கள். வாங்கிய தோட்டாவை உங்கள் வீட்டின் மிக நீளமான தூரத்தில் வைத்து ரேஞ்சில் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். குழலுக்குக் குழல் பரவல் மாறும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆட்கள் எதையும் பீரோ மேல் வைத்தால் பத்திரம் என்று நினைப்பார்கள். ஊறுகாய் ஜாடிக்கு அது சரி. 11 வயதுப் பையன் ஏறாத பீரோ எது? டெக்சஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி உங்கள் அலட்சியத்தால் கிடைத்துவிட்டால் அது குற்றம். சுவரில் போல்ட் அடித்துப் பொருத்தும், எண்ணை அழுத்தித் திறக்கும் நீளப் பெட்டி வாங்குங்கள். குழாயில் தோட்டா இருக்கட்டும், துப்பாக்கியின் அறை (வெடிப்பதற்குத் தோட்டா உட்காரும் இடம், சேம்பர்) காலியாக இருக்கட்டும். பெரும்பாலான ஷாட்கன்களில் சேஃப்டி பொத்தான் விசையை மட்டும்தான் தடுக்கும். கீழே விழுந்தால் உள்ளே சுத்தியல் நழுவாது என்று அது உத்தரவாதம் தராது. அறை காலி என்றால் அந்தக் கவலையே இல்லை.

மனைவியையும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போங்கள். பெட்டியைத் திறக்கவும், உள்ளதைக் காலி செய்யவும் அவருக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் அந்தப் பெட்டியில் இருப்பது வெறும் இரும்பு.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் துப்பாக்கி வாங்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். நம்பலாமா?
– பெயர் வேண்டாம், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: வாட்ஸ்அப் குழு சொன்னது இந்த ஒரு தடவை சரி, ஆனால் பாதிதான். எச்-1பி போன்ற குடியேற்றமில்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதைத் தனிக் கேள்வியாகவே கேட்பார்கள். லைசென்ஸைக் காட்ட வேண்டும்.

குழுவில் சொல்லாத பாதி இது. வாங்கும் நாளில் மட்டும் லைசென்ஸ் இருந்தால் போதாது. வேட்டை லைசென்ஸ் வருடா வருடம் காலாவதியாகும். அது முடிந்த மறுநாள் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருந்தால், அதுவே சட்டப்படி தகராறு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பர் தன் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்துச் சுடச் சொல்வதும் 'வைத்திருப்பது' என்ற சொல்லுக்குள் வரும். லைசென்ஸ் இல்லாமல் ரேஞ்சுக்குப் போய் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிற தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடம் நிற்கிறவர், ஒரு சனிக்கிழமைப் பொழுதுக்காக அதைப் பணயம் வைக்கலாமா? ஆசைதான் என்றால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிட்டு லைசென்ஸ் எடுங்கள். எச்-4-இல் இருக்கும் மனைவிக்கும் இதே விதிதான், உங்கள் லைசென்ஸ் அவருக்குச் செல்லாது.

கேள்வி: என் உயரம் 5 அடி 1 அங்குலம். களிமண் தட்டு சுடும் ட்ராப் விளையாட்டுக்குப் போய்ப் பழகுகிறேன். கணவரின் 12 காஜ் (காஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் குறுகும்) பம்ப் துப்பாக்கி (முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) தோளைக் கன்னிப்போகச் செய்கிறது. 20 காஜ் செமி ஆட்டோ வாங்கினால் சரியாகுமா? கணவர் போன இதழ்களில் நீங்கள் சொன்ன மாதிரி 'டாக்டிகல்' (ராணுவ பாணித் துப்பாக்கி) ஒன்று வாங்கினால் வீட்டுக்கும் ஆகும் என்கிறார்.
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அம்மணி, முதலில் கணவருக்கு. நியூ ஜெர்சி டெக்சஸ் இல்லை. அங்கே செமி ஆட்டோ ஷாட்கன்னில் 6 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் குழாயோ, பிஸ்டல் பிடியோ, மடக்கும் தோள்கட்டையோ, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே 'அசால்ட் ஃபயர்ஆர்ம்' பட்டியலில் சேர்ந்துவிடும். அது சின்ன விஷயம் இல்லை. மேலே ஃபிரிஸ்கோ வாசகருக்கு நான் சொன்ன இரண்டுமே 7, 9 தோட்டாக்காரர்கள், உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. வாங்குவதற்கு முன் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டையும் எடுக்க வேண்டும். கணவரிடம் இருக்கிறது என்பதால் உங்களுக்கும் இருக்கிறது என்று ஆகாது.

இனி உங்கள் தோள். கன்னிப்போவதற்குக் காரணம் 12 காஜ் இல்லை, கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை உள்ள தூரம் கடைத் துப்பாக்கிகளில் 14 அங்குலத்துக்கு மேல் இருக்கும், ஆறடி ஆளை மனதில் வைத்துச் செய்தது. உங்கள் கைக்கு 13 அல்லது அதற்கும் கீழே வேண்டியிருக்கும். நீளம் கூடினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இங்கிருந்தே சொல்லட்டுமா? இடுப்பைப் பின்னால் சாய்த்து, தலையை முன்னால் நீட்டி, கட்டையைத் தோள்குழியில் வைக்க முடியாமல் புஜத்தின் சதை மேல் வைப்பீர்கள். அங்கே எலும்பும் இல்லை, தாங்கலும் இல்லை. கன்னிப்போகிற இடம் தோள்பட்டை ஓரமா, கையின் மேல்பகுதியா என்று கண்ணாடியில் பாருங்கள். கையின் மேல்பகுதி என்றால் துப்பாக்கி நீளம், அவ்வளவுதான்.

அடுத்தது, 20 காஜ் என்றால் மென்மை என்பது எப்போதும் சரியில்லை. 20 காஜ் துப்பாக்கிகளை ஆறு பவுண்டுக்கு இலகுவாகச் செய்கிறார்கள். இலகுவான துப்பாக்கி அதே உதையை உங்களுக்கு முழுசாகத் தரும். ஏழரை, எட்டு பவுண்டு எடையுள்ள 12 காஜ் கேஸ் துப்பாக்கியில் முக்கால் அவுன்சுக்குச் சற்று மேல், அதாவது 7/8 அவுன்சு சன்னம் போட்ட தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். பல 20 காஜைவிடத் தோளுக்கு இதம். ட்ராப்பில் தட்டு உங்களை விட்டு விலகிப் போகும், கூடுதல் சன்னம் கூடுதல் தட்டு. 20 காஜுக்கென்று அங்கே சலுகை எதுவும் கிடையாது. பழைய ரெமிங்டன் 1100 நல்ல நிலையில் கிடைத்தால் குறுகிய கட்டை ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். கனமான, மெத்தென்ற பழைய துப்பாக்கி, அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பெண்கள் அதில்தான் ட்ராப் பழகினார்கள் என்றால் மிகையில்லை. ஒரே எச்சரிக்கை, மிக மென்மையான தோட்டா சில துப்பாக்கிகளில் போல்ட்டை முழுசாகத் தள்ளாது. ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

20 காஜே பிடிக்கிறது என்றாலும் தப்பில்லை. ஆனால் கணவரின் 12 காஜ் வீட்டில் இருக்கிறதல்லவா, கவனமாகக் கேளுங்கள். 20 காஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. அது தவறி 12 காஜ் குழலுக்குள் போனால் விழுந்தும் விடாது, வெளியேயும் வராது, அறைக்குச் சற்று முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்த்தால் அறை காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12 காஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை இருக்கும் இடத்தில். இரண்டு அளவும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே பைக்குள் இரண்டையும் போடாதீர்கள், ஒரே நாளில் இரண்டையும் ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள். எங்கள் கிளப்பில் தோட்டாப் பையைக் கையை விட்டுத் துழாவுகிற ஆட்களை நிறுத்தி, முதலில் பையைக் கொட்டச் சொல்வேன். மஞ்சள் ஒன்று உருண்டு வந்த நாளும் உண்டு.

இன்னொரு சின்னப் பரிசோதனை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை வைத்து, சுவரில் உள்ள ஒரு புள்ளியை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது புள்ளி காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் மூத்த கண், அதாவது குறிபார்ப்பதில் மேலோங்கும் கண். வலது கைக்காரருக்கு அது இடது கண்ணாக இருந்தால், எத்தனை துப்பாக்கி மாற்றினாலும் தட்டு உடையாது. மூக்குக் கண்ணாடியில் இடது பக்கம் சின்னதாக ஒரு டேப் ஒட்டிக்கொண்டு பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ட்ராப் வரிசையில் செமி ஆட்டோக்காரருக்கு ஒரு மரியாதை உண்டு. காலிக் கூடு வலது பக்கம் பறந்து பக்கத்தில் நிற்பவர் மேல் விழும். கூட்டைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் கொக்கி விற்கிறார்கள், வாங்கி மாட்டிவிடுங்கள். உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு தோட்டா, இடம் மாறும்போது போல்ட் திறந்தபடி.

கேள்வி: 400 டாலருக்குத் துருக்கியில் செய்த செமி ஆட்டோ ஷாட்கன்கள் விற்கிறார்களே?
– ஒரு வாசகர், ஷார்லட், வட கரோலினா

பதில்: துருக்கி என்றால் மட்டம் என்று ஒதுக்க மாட்டேன். ஸ்டோகர் எம்3000 துருக்கியில் செய்வதுதான், பெனெல்லி குடும்பத்துக் கம்பெனி, இனர்ஷியா. அதன் போட்டி வடிவமான எம்3கே-வை வைத்துக்கொண்டு எங்கள் கிளப்பில் நன்றாகச் சுடுகிற பையன்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் கனமான தோட்டாவை ஒன்றிரண்டு பெட்டி சுட்டுப் பழக்கினால்தான் அது மென்மையான தோட்டாவுக்கு இணங்கும். பெயர் தெரியாத மற்றவற்றில் எனக்குள்ள கவலை ஒன்றே. இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னக் கொக்கி உடைந்தால் யாரிடம் கேட்பீர்கள்? இறக்குமதியாளர் கடையைக் கட்டியிருந்தால் துப்பாக்கி பரணுக்குத்தான். பார்க்க ராணுவ ரைபிள் மாதிரி, அடியில் பெட்டி மேகஸினோடு வருவதை வீட்டுக்கென்று வாங்காதீர்கள். பிளாஸ்டிக் தோட்டா அழுத்தத்தில் மாதக்கணக்கில் இருந்தால் நசுங்கி உருவம் மாறும், பிறகு ஏறாது.

கேள்வி: பம்ப் துப்பாக்கியை 'சக்-சக்' என்று இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான், செமி ஆட்டோவில் அந்த வசதி இல்லையே?
– ஒரு வாசகர், டாம்பா, ஃபுளோரிடா

பதில்: ஓடுகிறவன் நாய் குரைத்தாலே ஓடிவிடுவான். ஓடாதவனுக்கு நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிக் கொடுத்ததாகிவிடும். சத்தம் வேண்டுமென்றால் "போலீஸ் வந்துகொண்டிருக்கிறது" என்று வாயால் கத்துங்கள், 911 போனிலும் அது பதிவாகும்.

கேள்வி: பெரெட்டா 1301 வைத்திருக்கிறேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்? ரேஞ்சுக்குப் போகாத மாதங்களில் தொடுவதே இல்லை.
– ஒரு வாசகர், கேட்டி, டெக்சஸ்

பதில்: கேட்டியில் இருந்துகொண்டு தொடுவதே இல்லை என்கிறீர்களே! ஹூஸ்டன் பக்கத்துக் காற்றில் கரியைவிட முதல் எதிரி துரு. சுட்டாலும் சுடாவிட்டாலும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, வெளிப்பக்கம் முழுக்க எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். கை பட்ட இடத்தில்தான் முதலில் பூக்கும். வியர்வை உப்பு. பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வையுங்கள்.

சுட்ட பிறகு, முன்கட்டையைக் கழற்றினால் குழலின் அடியில் பிஸ்டனும் சிலிண்டரும் தெரியும். கரி அங்கேதான் அப்பும், தோசைக்கல் ஓரத்தில் பிடிப்பதைவிடக் கெட்டி. கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் வைத்துச் சுரண்ட வேண்டாம். ஹாப்பீஸ் 9 போன்ற கரைப்பானில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். பித்தளைப் பிரஷ் குழலுக்குள் போகட்டும். துடைத்ததும் பிஸ்டன் மேல் எண்ணெயைக் கொட்டாதீர்கள். கேஸ் துப்பாக்கிக்காரர்கள் அதிகம் செய்யும் தப்பு இது. அந்த எண்ணெய் அடுத்த பத்து தோட்டாவில் வெந்து, புதுக் கரிக்குப் பசையாகிவிடும். விரல் நுனி ஈரம் போதும். போல்ட் சறுக்கும் தடத்தில் மட்டும் தாராளமாகப் போடுங்கள்.

வீட்டுக்கென்று குழாயில் நிரப்பி வைத்திருக்கும் தோட்டாக்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். அப்போதே உங்கள் டார்ச் பேட்டரியையும் மாற்றிவிடலாம். சுடும்போது காதுக்குப் பஞ்சு வைக்கிற பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும், பஞ்சு அதற்கு ஒன்றும் செய்யாது. பேச்சைக் கேட்கவிட்டு வெடிச்சத்தத்தை மட்டும் அடைக்கும் எலக்ட்ரானிக் மஃப் ஒன்று வாங்கி, துப்பாக்கி இருக்கும் பெட்டிக்குள்ளேயே மாட்டி வையுங்கள். ராத்திரி தேவைப்பட்டால் 911-இல் பேசுகிறவர் சொல்வதும் காதில் விழும்.